அழுத்தலாம், உரசக்கூடாது

என் மகளை நான் முதன்முதலாகத் தூக்கப் போனபோது ஒரு தாதி "ஜாங்கான்!" என்று கத்தினார். வேண்டாம் என்று மலாயில் சொல்லும் சாதாரணச் சொல்தான். ஆனால் அவர் கத்திய விதத்தில் என் கைகள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன. நான் செய்யப் போனது எல்லாத் தகப்பன்களும் செய்வது. கழுத்துக்கு அடியில் ஒரு கையையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையையும் நுழைத்து அள்ளுவது. அந்த நுழைப்பதுதான் ஆபத்து என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தாதிக்கும் முந்தின நாள்வரை தெரியாது.

பிறக்கும்போதே குழந்தையின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே பாதம்வரை தோல் இல்லை. ஈரமான சிவப்பு மட்டும் இருந்தது. இதயத் துடிப்பைப் பார்க்க நெஞ்சில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். அதை எடுத்தபோது தோலும் கூடவே வந்துவிட்டது. ஸ்டிக்கர் எப்படி வட்டமோ, புண்ணும் அப்படியே வட்டம். யாரையும் குறை சொல்ல முடியாது. அப்படியொரு குழந்தையை அந்த வார்டில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

மனைவி படுக்கையிலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தான், யாராச்சும் சுடுதண்ணிய ஊத்திட்டாங்களா? மறைக்காம சொல்லுங்க."

"இல்லம்மா. வயித்துலயே அப்படித்தான் இருந்துச்சாம்."

"என் வயித்துலயா?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவள் என்னை அத்தான் என்று கூப்பிடுவது கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கமில்லை. அவள் என் தாய்மாமன் மகள். என் அம்மாவின் தம்பி ராசா என்ற ஊரில் இருந்தார். பள்ளி விடுமுறைக்கெல்லாம் நாங்கள் அங்கேதான் போவோம். மாமாவுக்கு என்மேல் உயிர். "வெளியில குடுத்தா எவன் எப்படி இருப்பானோ. நம்ம புள்ளய நம்ம பையனுக்கே குடுப்போம்" என்று அவரே பேசி, அவரே நாள் குறித்து, அவரே பந்தலும் போட்டார். எங்களுக்கும் அதில் மறுப்பு இல்லை. ஒருவரையொருவர் பிடித்துத்தான் இருந்தது.

குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே தோல் மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. மெதுவாக, திருத்தமான மலாயில் பேசுவார். தோலில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"தோல் என்பது ஒரே துணி இல்லை. மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு. மேலடுக்கில் இருக்கும் செல்கள் ஒன்றையொன்று கை கோத்துப் பிடித்திருக்கின்றன. உங்கள் மகளுக்கு அந்தப் பிடி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த அடுக்கு மொத்தமும் கீழடுக்கில் நிற்க வேண்டுமே, அதற்கு நங்கூரம் போல மிக மெல்லிய இழைகள் உண்டு. அவைதான் அவளுக்கு இல்லை."

நாங்கள் விழித்தோம். அவர் தன் கைப்பேசியை எடுத்தார். அதன் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளின் ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தது. தாளின் நடுவில் விரலை வைத்து நேராக அழுத்தினார்.

"இப்படி அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. இன்னும் நன்றாகப் படிகிறது. ஆனால் இப்படி..." விரலை அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளினார். தாளின் மூலை கிளம்பியது. "உங்கள் மகளின் தோலும் இப்படித்தான். அழுத்தலாம், உரசக்கூடாது. கட்டிப் பிடிக்கலாம், தேய்க்கக்கூடாது. அவளைத் தூக்க வேண்டுமானால் ஒருபக்கமாகச் சாய்த்து, உள்ளங்கையை விரித்துக் கீழே வைத்து, அவளைத் திரும்பக் கைமேல் உருட்டி, ஒரே தூக்காகத் தூக்குங்கள். கையை நுழைக்காதீர்கள், இழுக்காதீர்கள்."

பிறகு அந்தக் குமிழின்மேல் விரலை வைத்தார். குமிழ் நழுவிப் பக்கத்துக்கு ஓடியது. ஓடிய வழியெல்லாம் தாள் கண்ணாடியை விட்டுப் பிரிந்தது.

"கொப்புளமும் இதே மாதிரிதான். உள்ளே நீர் சேர்ந்தால் சும்மா இருக்காது. அந்த அழுத்தம் ஓரங்களை நெம்பிக்கொண்டே போகும். காலையில் பட்டாணி அளவு இருப்பது மாலையில் உள்ளங்கை அளவாகிவிடும். அதனால் கண்டவுடன் ஊசியால் குத்தி நீரை வெளியேற்ற வேண்டும். தினமும். நீங்கள்தான் செய்ய வேண்டும்."

"குணமாகுமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"இதற்கு மருந்து இல்லை" என்றார். "வெளிநாட்டில் சில முயற்சிகள் நடக்கின்றன. இங்கே வர எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை."

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இருவரும் உறவினர்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நாங்கள் என்ன பதில் சொல்லப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஒரே வீட்டு ரத்தம். என் அம்மாவிடம் ஒளிந்திருந்தது எனக்கு வந்திருக்கிறது. மாமாவிடம் ஒளிந்திருந்தது அவளுக்கு வந்திருக்கிறது. பாதி பாதியாக இருந்தவரை எங்கள் யார் உடம்பிலும் அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பாதியும் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

திரும்பி வரும்போது ஈஜோக் என்ற ஊரைத் தாண்டினோம். பிறகு அவள் கண்ணாடி வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேற யாரையாச்சும் கட்டியிருந்தா இந்நேரம் நல்ல புள்ளையா பொறந்திருக்கும்."

"நீயும்தான்" என்றேன்.

ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்தது.

நாங்கள் இருந்தது புக்கிட் ரோத்தானில் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில் ஒரு வீடு. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தேன், இப்போதும் அங்கேதான். பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடைபோட்டுப் பதிவு செய்யும் கிராணி. மனைவி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள், விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வாழ்க்கை முழுவதும் உரசலைத் தவிர்ப்பதாகவே ஆனது. சட்டைகளைத் தையல் வெளியே தெரியும்படி உள்பக்கம் திருப்பிப் போட்டோம். பொத்தான்களை வெட்டி எறிந்தோம். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட முதுகில் அதே கோடு விழும். மனைவி தன் தாலிச் சங்கிலியைக் கழற்றிச் சாமி படத்தருகே வைத்தாள். மீசை குத்தும் என்று நான் மழித்தேன். பால் புட்டியின் காம்பு உதட்டை உரித்தது, அதற்கு மிருதுவான ஒன்றைத் தேடி அலைந்தோம். ஏங்கி அழுதால் வாய்க்குள் கொப்புளம் வரும். அழ விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கட்டு மாற்றும்போது அழாமல் எந்தக் குழந்தை இருக்கும்?

ஊசி குத்தும் வேலையை முதலில் மனைவிதான் ஏற்றாள். ஆஸ்பத்திரியில் தாதி காட்டியபோது தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கொப்புளத்தின் தாழ்ந்த பக்கத்தில், தோலுக்குப் படுக்கையாக ஊசியைப் பிடித்து, ஒரு வழி நுழைத்து மறு வழி எடுக்க வேண்டும். இரண்டு துளை. பிறகு சல்லாத் துணியை மேலே வைத்து நேராக ஒற்ற வேண்டும். மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே படிய விட வேண்டும். வீட்டில் முதல் நாள் ஊசியை எடுத்து, குழந்தையின் குதிகால்வரை கொண்டுபோய், அவள் கை நின்றுவிட்டது.

"என்னால முடியல அத்தான். பலூன் மாதிரி குத்தச் சொல்றாங்க. இது என் புள்ள."

ஊசியைத் தட்டில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். கொப்புளம் கண்ணெதிரே பெருத்துக்கொண்டிருந்தது. நான் எடுத்துக் குத்தினேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. காலையில் ஆலைக்குப் போகுமுன், மாலையில் வந்த பிறகு, ஞாயிறு, தீபாவளி எல்லா நாளும்.

குழந்தைக்கு முகம் தெரியத் தொடங்கிய வயதில் அவள் என் முகத்தைப் பார்த்து அழுதாள்.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கவனித்தேன். அம்மாவைப் பார்த்தால் கை நீட்டுவாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வந்தால்கூடச் சிரிப்பாள். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் சத்தம் கேட்டால் அவள் உடம்பு விறைக்கும். நான் அறைக்குள் வந்தால் உதடு கோணும். அழுகை வெடித்து வாய் முழுக்கக் கொப்புளம். அந்தக் கொப்புளங்களையும் நான்தான் குத்த வேண்டும்.

ஒரு யோசனை தோன்றியது. ஊசி குத்துகிறவன் வேறு ஆள் என்று அவள் நினைக்கட்டும் என்று முகக்கவசம் போட்டேன், கறுப்புக் கண்ணாடி போட்டேன், ஆலையில் கொடுத்த மஞ்சள் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். பேச்சே கொடுக்காமல் குத்தி முடித்து, வெளியே போய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அப்பாவாகத் திரும்பி வந்து "யாரு புள்ளய அழ வச்சது?" என்பேன். மனைவி முதல் நாள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டே மாதங்கள் ஆகியிருந்தன. சில வாரம் அப்படியே நடத்தினேன். குழந்தை ஏமாறவில்லை. முகக்கவசம் போட்ட எல்லாரையும் பார்த்து அலறக் கற்றுக்கொண்டாள், மருத்துவரைப் பார்த்தும். என்னைப் பார்த்தும் அழுகை நிற்கவில்லை. மழைச் சட்டையை மறுபடி ஆலையிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

மாமா வாராவாரம் ராசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். இளநீர் கொண்டுவந்து, முன்கேட்டுக்கு உள்ளே, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். என் மனைவி உள்ளே கூப்பிட்டால், "என் கை முள்ளுக் கைம்மா. வேணாம்" என்பார். முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டின கை. ஒருநாள் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தார். மருத்துவர் முன்னால் தன் சட்டைக் கையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

"டாக்டர், என் ரத்தத்த எடுங்க. இது எங்க அப்பன்கிட்ட இருந்து வந்துச்சா, ஆயிகிட்ட இருந்து வந்துச்சான்னு எனக்குத் தெரியணும்."

நான் மொழிபெயர்த்தேன். மருத்துவர், "அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் தெரிந்து என்ன செய்யப் போகிறார்?"

மாமா யோசிக்கவே இல்லை. "சுடுகாட்டுல போயி கேட்டுட்டு வருவேன்" என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, நீட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்து, சட்டையை அவரே இறக்கிவிட்டார். "யாருடைய தவறும் இல்லை" என்றார். மாமாவுக்கு மலாய் தெரியும். தெரிந்தும் அவர், "அப்ப யாரு தப்பு?" என்று என்னைத் தமிழில் கேட்டார். வீடு வரும்வரை மூன்று நான்கு முறை கேட்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட மோசமான நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும். மழையே இல்லாத பருவம். அன்று விடியுமுன் அடித்த காற்றில் எங்கோ மரம் சாய்ந்து தாமான் முழுக்கக் கரண்டு போயிருந்தது. காலையிலிருந்து ஏர்கோன் இல்லை, காற்றாடியும் இல்லை. வியர்த்தால் தோல் ஊறும், ஊறினால் பிடி இன்னும் தளரும். மதியத்துக்குள் முதுகில், கழுத்தில், காதுக்குப் பின்னால் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தி ஒற்றுவதற்குள் இன்னொன்று. குழந்தைக்கு அழக்கூடக் குரல் இல்லை. மனைவி அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். திடீரென்று எழுந்தாள்.

"காருல ஏர்கோன் இருக்குல்ல. வாங்க."

பஞ்சு மெத்தைத் துண்டு ஒன்றை மடியில் போட்டு, அதன்மேல் பிள்ளையைப் படுக்க வைத்து, பின் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன். எங்கே என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கோல சிலாங்கூர் வந்தது, ஆற்றுப் பாலம் தாண்டி தஞ்சோங் காராங் வந்தது. சாலையில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குப் பயமாக இருந்தது. கார் குலுங்கினால் அவள் தோல் மெத்தையில் உரசும். நான் அவ்வளவு மெதுவாக ஓட்டியதால் பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போயின. செகிஞ்சான் வயல்களுக்கு நடுவே வரும்போது கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளை தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் அழுகை காய்ந்த தடம்.

"தூங்கிட்டா" என்றேன்.

"நிறுத்தாதீங்க. ஓட்டிக்கிட்டே இருங்க."

"சபாக் பெர்ணம் வரைக்கும் போயி திரும்பிடலாம். காருக்கு எண்ணெய் ஊத்தணும்."

"நிறுத்தாதீங்க அத்தான்."

கொஞ்ச தூரம் போனோம். எதிரே பழக்குலை ஏற்றிய பெரிய லோரி ஒன்று வந்து, கடந்து போனது. அவள் மிகச் சாதாரணமான குரலில், கடைக்குப் போனால் உப்பு வாங்கி வாருங்கள் என்பது போலச் சொன்னாள்: "அந்த மாதிரி ஒண்ணு நேரா வந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது. மூணு பேருக்கும். இவ தூங்கிட்டு இருக்கும்போதே."

வேகத்தைக் குறைத்து, வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரமாகக் காரை நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை.

"எனக்கு போன வாரம் தோணுச்சு" என்றேன். "ஆலையில. திரும்புற லோரிக்கு முன்னால கொஞ்சம் தள்ளி நின்னா போதும்னு."

"எங்கள உட்டுட்டா?" என்றாள்.

"ஆமா."

"நானாச்சும் மூணு பேருக்கும் சேத்து நெனச்சேன்" என்றாள். பிறகு அவள் அழுதாள். மடி குலுங்கக்கூடாது என்பதற்காக, தோளை அசைக்காமல், வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணீரை மட்டும் விட்டு அழுதாள். அழுவதற்குக்கூட எங்களுக்கு இடமில்லாமல் போனதை அப்போதுதான் பார்த்தேன். நான் எழுந்து பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் அந்தக் குளிரில் இருந்தோம். கரண்டு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுச் சொல்லும்வரை அங்கேயே இருந்தோம்.

அதன்பிறகு நிலைமை மாறியது என்று சொல்ல மாட்டேன். இருவருக்கும் அந்த எண்ணம் உண்டு என்று இருவருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். நான் ஆலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் அவள் கூப்பிடுவாள். "எங்க நிக்கிறீங்க?" என்பாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "மேசையில உக்காந்திருக்கேன்" என்பேன். மருத்துவரிடமும் சொன்னோம். அவர் எங்களை வேறொரு மருத்துவரிடம் அனுப்பினார். அவரிடம் பேசியதில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. மனைவிக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

மகளுக்குப் பேச்சு சீக்கிரமே வந்தது. உடம்பால் செய்ய முடியாததையெல்லாம் வாயால் செய்தாள். இரண்டரை வயதில் ஒரு மாலை, நான் கூடத்தில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் தன் மெத்தை நாற்காலியிலிருந்து காலை நீட்டினாள்.

"அப்பா. இங்க. பெருசாவுது. குத்து."

குதிகாலில் புதிதாக ஒரு கொப்புளம். நீர் சேரச் சேர உள்ளே இழுக்கும் அந்த வலியை அவளே கவனித்திருக்கிறாள். ஊசி பட்டு நீர் வடிந்தால் அது குறைகிறது என்பதையும் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் அழவில்லை. ஊசி போவதைக் குனிந்து பார்த்தாள். நீர் வடிந்ததும் "ஹா" என்று மூச்சு விட்டாள். எனக்குத்தான் கண் மறைத்தது. துணியை வைத்து ஒற்றிவிட்டு வெளியே போய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"இன்னொண்ணு இருக்காம். கூப்புடுறால்ல, வாங்க."

இது நடந்தபின் என் மகள் என்னிடம் வரத் தொடங்கினாள். ஆனால் நிம்மதி என்று ஒன்று வர அவள் கைகள் விடவில்லை. உள்ளங்கையும் விரல்களும் புண்ணாகி ஆறும்போதெல்லாம், விரல்களுக்கு நடுவே தோல் படர்ந்து ஒட்ட ஆரம்பித்தது. மருத்துவர் விளக்கினார். புண்ணின் ஓரத்தில் இருக்கும் செல்கள் வெறும் இடத்தைக் கண்டால் நகருமாம். தரையைப் பற்றி, தன்னையே இழுத்து, மறுபடி பற்றி, இன்னொரு செல்லைத் தொடும்வரை நிற்காமல் ஊர்ந்து போகுமாம். பக்கத்து விரலும் புண்ணாக இருந்தால் அதுவும் தன் இடம்தான் என்று நினைத்து அதன்மேலும் ஏறிவிடும். இரண்டு விரலுக்கும் சேர்த்து ஒரே உறை போட்டுவிடும்.

"ஆக, ஒட்ட வேண்டியது ஒட்டல. ஒட்டக்கூடாதது ஒட்டுது" என்றாள் மனைவி தமிழில். மருத்துவர் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன்.

ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சல்லாத் துணி சுற்றினோம். இடைவெளிகளில் மெல்லிய பட்டை வைத்தோம். காலையில் இரண்டு மணி நேரம் அதற்கே போனது. அப்படியும் இடது கை மூடிக்கொண்டது. நான்கு வயதில் கட்டைவிரல் மட்டும் தனியாகவும் மற்ற நான்கும் ஒரே உறைக்குள்ளும் இருந்தன. அறுவை செய்து பிரித்தார்கள். நாலு விரலையும் தனித்தனியே கண்ட அன்று மனைவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டாள். மகள் பென்சில் பிடித்துக் கோடு போட்டாள், பூனை என்றாள், லோரி என்றாள். வலியில் கழிந்த வாரங்கள் அந்தக் கோடுகளுக்காக என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

அறுவை முடிந்து பத்து மாதம் போல இருந்திருக்கும். ஒரு காலை கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரலும் அடுத்த விரலும் அடியில் சேர்ந்திருந்தன. வெண்மையாக ஒரு சவ்வு. நான் பட்டையை இன்னும் ஆழமாக வைத்துச் சுற்றினேன். மனைவி பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் தட்டைக் கழுவப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தாள். அடுத்த மழைக்காலத்துக்குள் நான்கும் மறுபடி ஒன்றாகிவிட்டன.

இப்போது அவளுக்கு ஆறு வயது. எடை மூன்று வயதுப் பிள்ளைக்கு உரியது. தொண்டையும் சுருங்கிவிட்டதால் அரைத்த உணவுதான். சமீபத்தில் புண்ணில் கிருமி சேர்ந்து, காய்ச்சல் ஏறி, நினைவு தப்பி, ரத்தம் ஏற்றி மீட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "போதும்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்யா. என்னைய எடுத்துக்கிட்டு புள்ளய உடச் சொன்னேன்" என்றார். சாமி அவரையும் எடுக்கவில்லை, பிள்ளையையும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளை என்னிடம், "அப்பா, நீ கட்டு சுத்துறது லூசா இருக்கு லா. ஆஸ்பத்திரியில நல்லா சுத்துனாங்க" என்று குறை சொன்னாள்.

இந்த மாதம் கையைப் பற்றிப் பேச மருத்துவர் கூப்பிட்டிருந்தார். மறுபடி அறுவை செய்யலாம் என்றார். வலது கையும் மூடத் தொடங்கிவிட்டது, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். மயக்க மருந்துக்குக் குழாய் விடுவது அவள் தொண்டைக்கு ஆபத்து. பிரித்தாலும் எத்தனை காலம் நிற்கும் என்று உத்தரவாதமில்லை. செய்யாவிட்டால் கைகள் மொத்தமாக உறைக்குள் போய்விடும்.

"வேணாம்" என்றாள் மனைவி. "மறுபடி அந்தக் கட்டப் பிரிச்சுப் பாக்க எங்களால முடியாது."

"செய்யலாம்" என்றேன் நான். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

மகள் எங்கள் இருவரையும் பொருட்படுத்தாமல் மருத்துவரைப் பார்த்து மலாயில் கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்ததால் அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

"வலிக்குமா?"

"வலிக்கும்" என்றார் மருத்துவர்.

"போன தடவ மாதிரியா?"

"அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். இரண்டு கை அல்லவா."

"பென்சில் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம். கொஞ்ச காலத்துக்கு."

மகள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கும் அந்த உறைக்கும் நடுவே என் சட்டையின் நுனியைப் பிடித்துப் பார்த்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரத்துக்கு நாள் கொடுத்தார். நான் மகளை ஒருபக்கமாகச் சாய்த்துத் தூக்கினேன். மனைவி கட்டுத் துணிப் பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் இன்னும் சொல்லவில்லை.